அப்பாவுக்குக் காட்டிய மீன்

1

நேற்றுக் காலை என் கையில் ஒரு மீன் செத்துப்போனது.

திண்டுக்கல்லில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். மீன் செத்தால்தானே குழம்பு, இதையும் ஒரு விஷயமென்று எழுத வந்துவிட்டானா என்று கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்கிற ஆள்தான். நேற்றோடு நான் கனடாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் முடிந்தது. வருடாவருடம் அந்த நாளில் என் மனைவி பால்பாயசம் வைப்பாள். நேற்று அவள் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் இருப்பது இந்த நாட்டின் மேற்கு ஓரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். என் அப்பா சவரிமுத்து சிறுமலைக்குப் பஸ் ஓட்டியவர். அந்த மலைப்பாதையின் வளைவுகள் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். நான் இங்கே பனியில் பஸ் ஓட்ட லைசென்ஸ் வாங்கியதைச் சொன்னபோது, "புலிக்குப் பொறந்தது பூனையாகுமா" என்று போனில் சிரித்தார். அவருக்கு எண்பத்தொரு வயது. நேற்றுவரை இருபத்துமூன்று நாள் திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். நுரையீரல் ஓய்ந்துவிட்டது. முகத்தை இறுக்கிப் பிடிக்கிற ஒரு மாஸ்க் வழியாக இயந்திரம் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார் என்று இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டிவைத்திருந்தார்கள்.

நான் இங்கே இருக்கிறேன்.

2

ஏன் இங்கே இருக்கிறாய், அடுத்த விமானத்தைப் பிடித்துப் போகவேண்டியதுதானே என்று கேட்காத ஆளில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் மேலே எழுதவும் முடியாது.

என் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. வசந்தத்திலேயே புதுப்பிக்க விண்ணப்பம் போட்டேன். அதில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. இங்கே பதினான்கு வருடமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறேன். வாசல் பனியை நான்தான் தள்ளுகிறேன், கூரை ஒழுகினால் நான்தான் ஏறுகிறேன். ஆனால் நிரந்தரம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இந்த முகவரியை எழுதக் கை போகவில்லை. திண்டுக்கல்லில் நான் வளர்ந்த வீட்டின் கதவு எண்ணை எழுதினேன். அந்த வீட்டை அம்மா போன மறுவருடமே விற்றாயிற்று. அப்பா திண்டுக்கல்லை ஒட்டிய அகரத்தில் என் தங்கை சகாயத்தோடு இருக்கப் போய்விட்டார். எல்லாம் தெரிந்துதான் எழுதினேன். வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களில் பாதிப்பேர் இந்தத் தப்பைச் செய்திருப்பார்கள், மாட்டியிருக்க மாட்டார்கள்.

சரிபார்க்கப் போன காவலரிடம், இப்போது அந்த வீட்டில் இருக்கிறவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். "அப்படி ஒருத்தரும் இங்க இல்ல சார். பேரே கேள்விப்பட்டதில்ல." அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் சொன்னது சத்தியம். அதோடு என் கோப்பு நின்றுவிட்டது. அவசரத்துக்கென்று ஒரு பயணச் சான்று தருவார்களே என்பீர்கள். அதைக் கேட்டும் எழுதினேன். இந்த முகவரிச் சிக்கல் தீரட்டும் என்று பதில் வந்தது. சொந்த செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள், நான் அதை ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், கட்டத்துக்கு வெளியே போகாமல் நிரப்பி வைத்துக்கொண்டேன்.

பாஸ்போர்ட் விண்ணப்ப மையத்துக்குத் தினமும் போன் போடுகிறேன். காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடும், ஓடும், பிறகு யாராவது எடுப்பார்கள். ஒருநாள் எடுத்த கனடியப் பெண்ணிடம் பதற்றத்தில், நம்மூரில் சொல்கிற மாதிரியே, "மை ஃபாதர் இஸ் வெரி சீரியஸ்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் அப்பாவும் அப்படித்தான், லேசில் சிரிக்கமாட்டார் என்றாள். இருபத்திரண்டு வருடம் இந்த மொழியில் சம்பாதித்துச் சாப்பிட்டிருக்கிறேன். அப்பா சாகக் கிடக்கிறார் என்று சொல்ல அது எனக்குக் கைகொடுக்கவில்லை.

3

சகாயம் என்னைவிட ஆறு வயது சின்னவள். மாலை ஆறிலிருந்து ஏழுவரை ஒருவர் உள்ளே போய்ப் பார்க்கலாம். அவள் போய் வீடியோவில் என்னைக் கூப்பிடுவாள். அங்கே மாலை ஆறேகால் என்றால் இங்கே காலை ஐந்தேமுக்கால். நர்ஸ் கண்டுகொள்ளாத நேரமாகப் பார்த்து மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிவிடுவாள். அப்பா நாலு வார்த்தை பேசுவார். ஐந்தாவதுக்கு முகம் கறுத்துப்போகும். உடனே மாஸ்க்கை அமுக்கிவிடுவாள்.

அந்த நாலு வார்த்தையும் பத்து நாளாக ஒன்றுதான். "என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

முந்தாநாள் சகாயம் வராந்தாவில் நின்றுகொண்டு பேசினாள். "அண்ணே, டாக்டரு தொண்டையில குழாய் போடணுங்கிறாரு. போட்டா கொஞ்ச நாள் ஓடுமாம். எந்திரிச்சு உக்காருவாருன்னு அவரே சொல்லல. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துக் கேக்குறாங்க."

"போடச் சொல்லு."

"அப்பா வேணாங்குறாருண்ணே. கையில கட்டுன துணிய வாயாலயே அவுக்கப் பாக்குறாரு. எனக்குப் பாக்க முடியல."

"நான் வாரவரைக்கும் எப்படியாவது வச்சிரு சகாயம்."

"நீ எப்ப வாரே?"

அடுத்த வாரம் என்றேன். போன வாரமும் அதைத்தான் சொன்னேன். அவள் பின்னால் யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "சரி, நாளைக்கு அப்பாவப் பாத்துட்டே சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

4

என் மகள் செலினுக்குப் பத்தொன்பது வயது. செப்டம்பரில் படிப்புக்காக இந்த நாட்டின் மறுகரைக்குப் போகிறாள். ஐந்து மணிநேர விமானம். இப்போதும் வீட்டில் பெரும்பாலும் காதில் எதையாவது மாட்டியிருப்பாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுவும் பாதி வாக்கியம். அவள் என்னோடு தொடர்ந்து பேசுகிற இடம் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு ஏரி மட்டும்தான். அதனால் எனக்குப் பிடிக்காத மீன்பிடியை மூன்று வருடமாகக் கற்றுக்கொள்கிறேன்.

அது ட்ரவுட் மீன் இருக்கிற ஏரி. புழு, மாவு ஒன்றும் கூடாது. நூலும் இறகும் கொண்டு கொசுப்புழு அளவுக்கு ஒரு பொய்ப்பூச்சியைக் கொக்கியில் கட்டி, நீளமான கோலால் அதைத் தண்ணீர்மேல் வீசவேண்டும். பூச்சி கட்ட மயிலிறகின் நார் வேண்டும். அகரத்தில் கடலைக்காட்டைக் கிளறுகிறதென்று மயிலை விரட்டுவோம், இங்கே அதன் ஒற்றை இறகை உறையில் போட்டு விற்கிறார்கள். கொக்கியில் முள் இருக்கக்கூடாது. பிடித்த மீனை அதே இடத்தில் திருப்பி விட்டுவிடவேண்டும். செத்தாலும் எடுத்துப் போகக்கூடாது, அந்த ஏரிக்கு அப்படி விதி.

ஒருமுறை செலின் இதையெல்லாம் வீடியோவில் தாத்தாவுக்குத் தன் உடைந்த தமிழில் விளக்கினாள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "பிடிக்கிறது எதுக்கு, விடுறது எதுக்கு அப்பு? உப்பு புளி செலவில்லாத மீன்பிடியாவுல்ல இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவளிடம் பேசும்போதெல்லாம், "இன்னைக்கு எத்தன மீனுக்கு விடுதலை?" என்று கேட்பார். இரண்டே முறை நேரில் பார்த்த தாத்தா. அவளுக்கு அவரிடம் பேச இருந்த ஒரே விஷயம் மீன்தான், அது போதுமானதாக இருந்தது.

கோடையில் அவள் கண்டிப்பு கூடிவிடும். தண்ணீர் சூடானால் அதில் காற்று குறைந்துவிடுமாம், போராடிக் களைத்த மீன் பிழைக்காதாம். ஏரியில் இறங்குமுன் வெப்பமானியை நீரில் விட்டுப் பார்ப்பாள். கூடுதலாகக் காட்டினால் கோலைப் பிரிக்காமலே திரும்பிவிடுவோம். மீனைத் தொடுமுன் கையை நனைக்கவேண்டும். தண்ணீருக்கு வெளியே தூக்கினால் அதற்கும் ஒரு விதி வைத்திருந்தாள்.

"நீ மூச்சப் பிடிச்சுக்கோப்பா. உனக்கு எப்ப மூச்சு வேணுமோ, அப்ப அதுக்கும் வேணும். ஒடனே தண்ணில வச்சிரு."

5

இன்னொரு பழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். அகரத்துப் பக்கம் சின்ன வயதில் கோடையில் குளம் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். உங்களுக்குத் தெரியாததல்ல. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் கரையில் நிற்கிற அத்தனை பேரும் ஊத்தாக்கூடை, வலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு சேற்றில் இறங்குவார்கள். பிடித்ததை விற்கக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கவேண்டும். எங்கள் வீட்டில் கூடுதலாக ஒன்று உண்டு. படுக்கையில் கிடந்தோ பிள்ளை பெற்றோ குளத்துக்கு வர முடியாதவர்கள் யார் இருந்தாலும், முதல் மீனைக் குடத்துத் தண்ணீரில் போட்டு உயிரோடு கொண்டுவந்து அவர்களிடம் காட்டவேண்டும். காட்டிய பிறகுதான் அருவாமனையை எடுப்பார்கள். சகாயம் பிறந்த வருடம் அப்பா சேற்றுக்காலோடு ஓடிவந்து அம்மாவிடம் ஒரு விராலைக் காட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மா மீனைப் பார்க்கவில்லை, அவர் கோலத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

நேற்று விடியும்போதே ஏரிக்குப் போய்விட்டோம். வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் என்று செலின்தான் இழுத்துப் போனாள். வெப்பமானியைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். "எல்லைக்குப் பக்கத்துல இருக்கு. அரைமணி நேரந்தான்" என்றாள். படகுத்துறை மரப்பலகைக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். போனில் சிக்னல் கிடைப்பது அந்த இடத்தில்தான்.

மூன்றாவது வீச்சிலோ நான்காவதிலோ கோல் வளைந்தது. மூன்று வருடத்தில் எனக்கு அப்படி ஒரு மீன் விழுந்ததில்லை. என் முழங்கை நீளம், விலாவில் செம்பருத்தி நிறத்தில் ஒரு கோடு. வெகுநேரம் இழுத்தது. செலின் வலையில் வாங்கிக் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. சகாயம்.

"செலின், மீன விட்ராத. தாத்தாவுக்குக் காட்டணும்."

"தண்ணிக்குள்ளயே காட்டுப்பா."

வெளிச்சம் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது, திரையில் மீன் தெரியவில்லை. போனைப் பலகைமேல் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் மீனைத் தூக்கினேன். அப்பாவின் முகம் வந்தது, மாஸ்க்கோடு. "அப்பா, இங்க பாருங்க. மொத மீனு" என்றேன். அவர் கண் திரும்புவதற்குள் படம் உறைந்துவிட்டது. நடுவில் அந்த வட்டம் சுற்றத் தொடங்கியது.

"அப்பா, போதும்."

"செத்த இரு. வந்துரும்."

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மீன் என் கையில் வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் மூச்சைப் பிடித்திருந்தேனா என்று கேட்டால், இல்லை. மூச்சை வாங்கி வாங்கி விட்டுக்கொண்டு, "அப்பா, தெரியுதா? அப்பா?" என்று கத்திக்கொண்டிருந்தேன். செலின் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள், நான் உதறினேன். அவர் ஒருமுறை பார்த்துவிடவேண்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. என்ன சரியாகும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

படம் தெளிந்தது. சகாயம் மாஸ்க்கைத் தூக்கியிருந்தாள். அப்பா மீனைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கியது. கட்டிய கையை அசைத்துப் பார்த்தார்.

"ஏலே... அதத் தண்ணில விடு."

பிடித்ததை விடுகிறவர்களைக் கேலி செய்த மனிதர். நாலு வார்த்தையில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்ல இருந்தவர், அவற்றை என் மீனுக்குச் செலவழித்துவிட்டார். சகாயம் மாஸ்க்கை அமுக்கினாள், அழைப்பு அறுந்தது.

மீனைத் தண்ணீரில் வைத்தேன். அது சாய்ந்தது. செலின் என்னைத் தள்ளிவிட்டு அதை இரண்டு கையிலும் ஏந்தி, நிமிர்த்திப் பிடித்து, தண்ணீரில் தாங்கிக்கொண்டே நின்றாள். செவுள் ஒருமுறை அசைந்தது, பிறகு வெகுநேரம் கழித்து இன்னொருமுறை. கையை எடுத்தால் புரண்டது. மறுபடி நிமிர்த்தினாள். மலைமேல் வெயில் இறங்கி எங்கள் தோளுக்கு வரும்வரை இதையே செய்துகொண்டிருந்தாள். அவள் உதடு நீலமாகிவிட்டது. "போதும்மா, விட்ரு" என்றேன். அவள் கையை எடுத்தாள். வெள்ளை வயிறு மேலே வந்தது.

"நான் சொன்னேன்ல" என்றாள். அழுகையில் தமிழ் முறிந்து முறிந்து வந்தது. "அதுக்கு முடியல. உனக்கு வேணும்னு நீ வச்சிருந்த."

மீனைப் பற்றித்தான் சொன்னாள். வேறெதையும் நினைத்துச் சொல்கிற பெண்ணல்ல அவள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. சகாயத்திடம் முந்தாநாள் நான் சொன்னது அதே வார்த்தைதான். வச்சிரு.

6

அங்கிருந்தே சகாயத்தைக் கூப்பிட்டேன். பார்வை நேரம் முடிந்து வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"குழாய் வேணாம். அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"அண்ணே, மாஸ்க்க எடுத்தா ரெண்டு நாளோ மூணு நாளோன்னு சொல்றாங்க. நீ வந்து பாக்க..."

"தெரியும்."

"அப்பறம் என்னையச் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன் சகாயம். நான் சொன்னேன்னே கையெழுத்துப் போடு."

அவள் அழுதாள். நானும் அழுதேன், இடுப்பளவு தண்ணீரில், ஐம்பத்து நாலு வயதில். செலின் கோலைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "தாத்தா மீன் என்ன ஆச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

7

இன்று காலை சகாயம் கூப்பிட்டாள். அகரத்து வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் அப்பா. மூக்கில் மெல்லிய ஆக்சிஜன் குழாய் மட்டும். முகத்தில் மாஸ்க் பதிந்த தழும்பு சிவப்பாக இருந்தது. மணிக்கட்டில் துணி கட்டிய தடம். கைகள் இரண்டும் வயிற்றின்மேல் சும்மா கிடந்தன. இரண்டு கரண்டி கஞ்சி குடித்தாராம், வெஞ்சனத்துக்குக் கருவாடு கேட்டாராம். பங்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போயிருக்கிறார். மூச்சு வேகமாக, மேலோட்டமாக வந்துகொண்டிருந்தது. சகாயம் போனை அவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் அடுத்த வாரம் வாரேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த முறை சொல்லவில்லை.

அவர்தான் கேட்டார். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. "அந்த... மீனு... பொழச்சுச்சா?"

எனக்குப் பின்னால் செலின் வந்து நின்றிருந்தாள். மீன் விஷயத்தில் பொய் சொல்லாத பெண். வெப்பம் ஒரு கோடு கூடினாலும் கோலைப் பிரிக்காதவள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் தோளுக்கு மேலே குனிந்து சொன்னாள்.

"நீந்திப் போச்சு தாத்தா. ரொம்ப வேகமா."

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. இன்றும் போன் போட்டேன், பாட்டு ஓடியது. முகவரியைத் திருத்தி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது எப்போது யார் மேசைக்குப் போகும், அப்போது நான் அங்கே எதற்காகப் போகப்போகிறேன் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னது சரியா என்றும் தெரியாது. இன்னும் நாலு நாள் வைத்திருந்தால் பார்த்திருப்பேனோ என்று எழுதும்போதே மனது அடித்துக்கொள்கிறது.

சகாயம், நான் எழுதி அச்சில் வருவதையெல்லாம் நீ அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாய். இதுவும் உன் கைக்கு வரும். அன்றைக்கு அவர் இருந்தால், முதல் பகுதியையும் ஐந்தாவதையும் தள்ளிவிட்டு, தாத்தாவிடம் செலின் சொன்ன இடத்தை மட்டும் சத்தமாக வாசி.